முக்கால் அங்குலம்

தொண்டியில் இடித்த யாரோ வீட்டுக் கதவு.
குட்டி யானையில் படுத்து வந்தது,
மேலே இரண்டு ஐஸ் பெட்டி, ஓர் ஆட்டுக்கிடா.
கன அடிக் கணக்கில் விற்றவன்
கீல்களைக் கழற்றித்
தனியே எடைக்குப் போட்டிருந்தான்.

முதலில் பச்சை.
பச்சைக்கு அடியில் நீலம்.
நீலத்துக்கு அடியில் மீனெண்ணெய் குடித்த கறுப்பு.
நான்கு நாள் சுரண்டினோம் கீழக்கரை வெயிலில்,
மூக்கையூர் வியாகுலமும் நானும்.
பர்மாத் தேக்கா என்று கேட்டேன்.
“மரத்துக்குப் பாஸ்போர்ட் இல்ல, ராத்தா.”

அப்புறம்தான் பார்த்தோம்.
ஒரு முகத்தில் தாழ்ப்பாள் கழற்றிய வடு,
ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று.
மூன்றாவது அவசரத்தில் அடித்தது, ஆணியெல்லாம் கோணல்.
மறுமுகத்தில் ஒரு துளை இல்லை.
நெஞ்சு உயரத்தில் மட்டும்
கைமுட்டி அளவுக்கு ஒரு பள்ளம், வழுவழுவென்று.
தட்டித் தட்டியே விழுந்த பள்ளம்.
வியாகுலம் விரல் மடக்கி வைத்துப் பார்த்தார்.
பொருந்தியது.
எனக்கும் பொருந்தியது.
ஒன்றும் பேசாமல் போய் டீ குடித்தோம்.

கதவு போகப்போகும் இடம்
வீட்டை நடுவில் பிளந்து
ஹாலோ பிளாக்கில் எழுப்பிய சுவர். பன்னிரண்டு வயது.
கிணறு ருகையா பக்கம்,
மாடிப்படி என் பக்கம்.
பன்னிரண்டு வருஷம் நான் தண்ணீரைக் குடம் குடமாக வாங்கினேன்.
அவள் ஈரத்துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.
அந்தக் கிணறும் உவர்தான்.
பத்திரத்தில் அதை யாரும் எழுதவில்லை.
சுவரில் வாசல் வைக்கலாம் என்று
முதலில் சொன்னது யார் என்பதில்
இன்னும் எங்களுக்குள் தகராறு.

ரசமட்டம் வைத்தார் வியாகுலம்.
குமிழி ஒதுங்கிப் போய் நின்றது.
தரை கிணற்றைப் பார்த்து
முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது.
“உங்க பக்கம் திறந்தா தரை தட்டும்.
தங்கச்சி பக்கந்தான் திறக்கணும்.
அப்பத் தாழ்ப்பாளும் அவங்க பக்கந்தான் வரும்.”
சொல்லிவிட்டு, உளியைக் கையில் எடுக்காமல்
என்னைப் பார்த்தார்.

உடைத்த சுவர் வழியாக
ருகையாவின் அடுப்பு தெரிந்தது, பால் பாத்திரம் தெரிந்தது.
அவள் முதுகு தெரிந்தது.
எனக்கு அந்தப் பள்ளம்தான் மனசில் ஓடியது,
அது என் பங்குக்கு வந்ததா என்று.

பால் பொங்கி வழிந்தது.
அடுப்பை அணைத்துவிட்டு,
“அந்த மூணு ஓட்டையையும் அடைச்சிடுங்கண்ணே” என்றாள்.
புதுத் தாழ்ப்பாள் பற்றி
அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

குங்கிலியம் காய்ச்சி, எண்ணெய் விட்டு,
தேக்குத்தூளைப் பிசைந்து
வள்ளத்துப் பலகையை அடைக்கிற மாதிரி அடைத்தார்.
பித்தளைக் கீல். இரும்பு இந்த உப்புக்கு
இரண்டு மழை தாங்காது.
ஓரத்தில் ஐந்து ரூபாய்க் காசைச் செருகி
இடைவெளி பார்த்தார்.
“கச்சானுக்கு இது போதும்.
வாடையில மரம் தண்ணி குடிக்கும்,
அப்ப என்னைத் திட்டாதீங்க.”
பள்ளத்தை இழைத்து விடவா என்றார்.
வேண்டாம் என்றேன்.
ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ.

தாழ்ப்பாள் இல்லாத கதவு
ராத்திரி பூராவும் காற்றோடு அடித்துக்கொள்கிறது.
மூன்றாம் இரவு, அடியில் ஒரு பழைய செருப்பைச் செருகினேன்.
விடிந்து பார்த்தால்
அந்தப் பக்கமும் ஒரு செருப்பு.

ஐப்பசி.
சொன்னபடியே மரம் உப்பி, நிலையை இறுகக் கவ்விக்கொண்டது.
சுபுஹு முடிந்து பாயைச் சுருட்டும்போது
தூறல் சத்தம்.
மாடியில் அவளுடைய குண்டு மிளகாய்.
ருகையா தட்டுகிறாள்,
பள்ளம் இல்லாத முகத்தில், இரண்டு கையாலும்.
“நனையுது, தள்ளு!”
“நீ இழுடி!”
தோளைக் கொடுத்துத் தள்ளுகிறேன்.
ஒரு விரற்கடை நகர்ந்து நிற்கிறது.

அந்த இடுக்கில்
மாவு ஒட்டிய அவளுடைய நான்கு விரல்கள்.